எலுமிச்சம்பழத்தில் ஏறாத டிராக்டர்

சந்தனப் பொட்டைப் பார்த்து டிராக்டர் வாங்கிய ஒரே ஆள் இந்த மாவட்டத்தில் நான்தான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் யாராவது உங்களைப் பிடித்து வைத்துச் சொல்வார்கள், அதுவும் மசாலா சேர்த்து.

டீலர் யார்டில் விற்காமல் நிற்கிற வண்டிகளுக்கும் ஆயுத பூஜை உண்டு. பானட்டில் சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, ஒரு மாலையும் போட்டுவிடுவார்கள். அப்புறம் யாரும் துடைக்க மாட்டார்கள். வெயிலில் சுற்றிலும் பெயின்ட் வெளுத்துப்போகும். சந்தனம் இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் வட்டமாகத் தங்கும். அடுத்த வருஷம் கொஞ்சம் தள்ளி இன்னொரு வட்டம். வட்டங்களை எண்ணினால் வண்டி எத்தனை வருஷமாக நிற்கிறது என்பது தெரிந்துவிடும். இந்த ஞானத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே கண்டுபிடித்தது. அதனால்தான் இவ்வளவு ஆபத்தாகப் போயிற்று.

"போன வருஷ வண்டிண்ணே" என்றார் டீலர். நான் குனிந்து பானட்டைத் தடவிப் பார்த்து, "மூணு பூஜை பாத்துருக்கேய்யா" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததில் எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. விலையை இறக்கினார். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் வாங்கிவிட்டேன்.

அது மேட்டுக்காட்டில் பெரிய கலப்பை இழுக்கச் செய்த கனத்த வண்டி. எங்கள் வயல்களோ முழங்கால் சேறு. முதல் வயலில் இறங்கியதுமே, குளத்துக்குள் போன கோயில் யானை மாதிரி வயிறு வரைக்கும் உட்கார்ந்துகொண்டது. அதை இழுக்கப் போன வண்டியும் பக்கத்தில் துணைக்கு உட்கார்ந்தது. வரப்பில் நின்ற கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "சார், நெத்தியில கொஞ்சம் சந்தனம் வச்சுப் பாருங்க, எந்திரிச்சாலும் எந்திரிக்கும்."

அன்றிலிருந்து நான் சந்தனம் சார். அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

டிராக்டர் வாடகை மையங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றாயிற்றே, நேரம் இருக்குமே என்றார்கள். நேரம் இருக்கிறது, முதுகுதான் இல்லை. டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து தேய்ந்த முதுகு நாற்காலியில் உட்காரவும் மறுக்கிறது. ஆகவே படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து சரிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மையம் அறந்தாங்கிப் பக்கம். சொந்தமாக டிராக்டர் வாங்க முடியாத விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து வண்டி வாங்கி, வரிசைப்படி வாடகைக்கு உழுதுகொள்கிற ஏற்பாடு. வண்டிகளுக்குப் பொறுப்பு நான். குழுவுக்குத் தலைவி ஆரோக்கியமேரி அம்மா. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பழகியதால், யார் பேசினாலும் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரியே பார்ப்பார்.

நான் சொல்லப்போவது, வேலையில் என் கடைசி ஆடி மாதக் கதை. அந்த யானையை எப்போதோ ஒரு செங்கல் சூளைக்காரர் தலையில் கட்டியாகிவிட்டது. மிச்சமிருந்த ஒரே வண்டியும் ஆனியிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டது. மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் திறந்து பார்த்துவிட்டு, துக்க வீட்டில் நிற்பவர் போலக் கைகளைக் கட்டிக்கொண்டார். முதல் மழை விழுந்தால் உழவு. உழ வண்டி இல்லை.

இதில் கருப்பையா விஷயம் வேறு. கருப்பையா எங்கள் டிரைவர். வளைகுடாவில் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு, மகள் பிறந்து நடக்கத் தொடங்கியதும் போதும் என்று ஊர் வந்தவன். போனில் பார்த்த அப்பாவை நேரில் பார்த்ததும் அந்தப் பிள்ளை பயந்து அழுததாம். இப்போதுதான் தோளில் ஏறப் பழகியிருந்தது. வண்டி படுத்த பிறகு அவனுக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. அறந்தாங்கி ஏஜென்ட் பழைய கம்பெனியிலேயே இடம் இருப்பதாகச் சொல்லி, ஆடி முடிவதற்குள் பாஸ்போர்ட்டைக் கேட்டிருந்தார்.

"வண்டி வருமா சார்?" என்றான் கருப்பையா. "வந்தா நான் இங்கிட்டே இருந்துருவேன். வரலைன்னா சொல்லிருங்க. ரெண்டுங்கெட்டானா நிக்க முடியல."

"வரும்ப்பா" என்று சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போகிற வண்டி.

புது வண்டிக்குக் குழுவிடம் வழியில்லை. அந்த நேரம் பார்த்துப் பழைய டீலர் கூப்பிட்டார். அதே டீலர்தான், திருக்கோகர்ணம் பக்கம் யார்டு. "அண்ணே, ஒங்களுக்குன்னே ஒரு வண்டி ஒதுங்கி நிக்குது. பழைய ஸ்டாக்கு, ஆனா ஒரு வேலையும் பாக்காத வண்டி. ஆடியில நானே தள்ளி விடுறேன், வந்து பாருங்க."

ஆடியில் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள் என்பதால் டீலர்கள் அந்த மாதம் மெலிந்து, அன்பாக இருப்பார்கள். ஆரோக்கியமேரி அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு ஆடியும் கெடையாது, அமாவாசையும் கெடையாது" என்றார். "வண்டி நம்ம சேத்துல நடக்குமா, அதைப் பாத்துட்டு வாங்க. பொட்டைப் பாக்காதீங்க."

போனேன். கண் பொட்டைத்தான் முதலில் பார்த்தது. என்ன செய்வது, பழக்கம். ரெண்டு வட்டம். சரி, ரெண்டு பூஜை. ஆனால் இந்த முறை வண்டி எங்கள் வயலுக்கென்றே அளவெடுத்தது போல இருந்தது. எடை குறைவு, அகலம் சரி, சேற்றுச் சக்கரம் மாட்டலாம். டயர் ஓரத்தில் கொஞ்சம் வெடிப்பு, பேட்டரி செத்துக் கிடந்தது. நின்ற வண்டிக்கு வருகிற சாதாரண நோய்கள்தான். எனக்கு அங்கேயே ஒன்று மனசை அரித்தது. இவ்வளவு பொருத்தமான வண்டி ஏன் ரெண்டு வருஷமாக நிற்கிறது?

யானையிடம் கற்ற பாடம் இது ஒன்றுதான், தம்பிகளா. எத்தனை நாளாக நிற்கிறது என்று கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடித்து ஒரு பிரயோஜனமும் இல்லை. ஏன் நிற்கிறது என்று கேளுங்கள். கேட்டேன்.

டீலர் சொன்னார்: "ஆடிண்ணே."

"ரெண்டு வருஷமாவா ஆடி?"

"அதுக்கு முன்னாடி மழை இல்லைல்ல."

சேல்ஸ் பார்க்கிற தம்பியைக் கேட்டேன். கலர் பிடிக்கவில்லையாம் ஜனங்களுக்கு. அதே கலரில் பக்கத்தில் நின்ற வண்டிக்கு அன்றைக்குத்தான் மாலை விழுந்திருந்தது. ஒர்க்‌ஷாப் ஆள், "அதெல்லாம் ஆபீஸ்ல கேளுங்க" என்று ஸ்பானரைத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

எதிரே டீக்கடை. ஷோரூமில் கிடைக்காத பதில் எதிர் டீக்கடையில் கிடைக்கும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. கடைக்கார அக்கா பாலை ஆற்றிக்கொண்டே, "அந்த வண்டியா? அது பழத்துல ஏறாத வண்டியாச்சே" என்றார்.

"என்ன பழம்?"

"எலுமிச்சம்பழந்தேன். வெளிநாட்டுல இருக்க மகன் அப்பாவுக்குன்னு புக் பண்ணுனது. குடும்பமே வேன் புடிச்சு வந்துருச்சு. அந்தா, யார்டுலேர்ந்து ரோட்டுக்கு ஏறுற ஏத்தம் இருக்குல்ல, அதுல டிரைலரோட பாதியில நிப்பாட்டி, வரிசையா நின்னு போட்டோ புடிச்சாக. அப்புறம் டயருக்கு முன்னாடி பழத்தை வச்சு, எடுறான்னாக. வண்டி முன்னாடி போகாம சர்ருன்னு பின்னாடி போயி பந்தக்கால்ல முட்டுச்சு. பெரியவரு செருப்பைக்கூடப் போடாம வேன்ல ஏறிட்டாரு. ராசியில்லாத வண்டி, வேணாம்னுட்டாக."

"அதுக்கப்புறம் யாரும் வாங்கலையா?"

"வாங்க வர்றவுக எல்லாம் இங்கதேன் டீ குடிக்குறாக" என்றார் அக்கா, ரொம்ப அடக்கமாக.

எனக்குத் தலைகால் புரியவில்லை. விடை கிடைத்துவிட்டது! வண்டியில் குறையில்லை, ஜனங்களின் மூடநம்பிக்கையில்தான் குறை. பாவம், ஒரு எலுமிச்சம்பழத்துக்காக ரெண்டு வருஷம் வெயிலில் நிற்கிறது. அதை மீட்க வந்த பகுத்தறிவாளன் நான். அந்த இடத்திலேயே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்சம் நடந்துகூடப் பார்த்தேன். தலைவியம்மாவுக்குப் போன் போட்டு முழுக் கதையையும் சொல்லி, சிரித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பில்லை.

"சரி சார். அது ஏன் பின்னாடி போச்சு?"

"அதான் சொன்னேனேம்மா, ராசியில்லைன்னு அவுங்க..."

"அவுங்க சொன்னது இருக்கட்டும். வண்டி ஏன் பின்னாடி போச்சு?"

வெயில் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏன் நிற்கிறது என்று கேட்டேன், பதில் வந்தது, பதில் வேடிக்கையாக இருந்ததால் அதோடு நின்றுவிட்டேன். பெரியவர் ராசி என்று சொல்லி வேனில் ஏறினார். நான் மூடநம்பிக்கை என்று சொல்லிச் சிரித்தேன். ரெண்டு பேருமே வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை.

திரும்பி யார்டுக்குப் போனால் அங்கே இன்னொரு கூத்து. "நாளைக்கு ஒரு பார்ட்டி வருதுண்ணே" என்று டீலர்கள் சொல்வார்கள் இல்லையா? என் சர்வீஸ் முழுக்க அந்தப் பார்ட்டி வந்துகொண்டேதான் இருந்தார். ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை. அன்றைக்கு நிஜமாகவே வந்து உட்கார்ந்திருந்தார். கோட்டைப்பட்டினத்துப் படகுக்காரர், வெள்ளைக் கைலி, கையில் டீ. கரையில் படகு இழுக்கவும் ஐஸ் பெட்டி ஏற்றவும் வண்டி வேண்டுமாம்.

"நீங்க பேசி முடிங்க" என்றார் என்னிடம் மரியாதையாக. "ஒங்களுக்கு வேணாம்னா நான் எடுத்துக்குறேன். நமக்கு ஆடிப் பிரச்சினை இல்ல."

டீலர் என்னைப் பார்த்த பார்வையில் இத்தனை வருஷப் பகை தீர்ந்த நிறைவு தெரிந்தது. "சொல்லுங்கண்ணே. ஒங்களுக்கா, பாய்க்கா?"

நான் சொன்னேன்: "டிரைலரை மாட்டி, ரெண்டு ரொட்டவேட்டரை ஏத்தி, அந்த ஏத்தத்துல ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்."

"நிக்கிற வண்டியை எதுக்குண்ணே தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

"நிக்கிற வண்டியை வாங்கி நான் நிக்க வச்சா பாக்கப் போறேன்?"

வேறு பேட்டரி மாட்டி, டீசலை மாற்றி, டிரைலரைக் கோத்து, மண்ணைக் கிளறுகிற ரொட்டவேட்டர் ரெண்டைச் சுமையாக ஏற்றினார்கள். ஓட்டச் சேல்ஸ் தம்பியைத் தேடினால் ஆளைக் காணவில்லை. பூஜையன்று ஓட்டியது அவர்தானாம். அதையும் ஒரு சாட்சியாக வைத்துக்கொண்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு நானே ஏறினேன்.

ஏற்றத்தில் வண்டி பூப்போல ஏறியது. ரோட்டில் திருப்பி இறங்கி மறுபடி ஏறினேன், மறுபடியும் பூ. யார்டே என்னைப் பார்த்துச் சிரித்தது. பாய் தலையாட்டி ரசித்தார். எனக்கே அசிங்கமாக இருந்தது. வயதான காலத்தில் ஊரான் வண்டியில் சவாரி போகிற ஆள் மாதிரி. இறங்கிவிடலாம், கையெழுத்துப் போட்டுவிடலாம், கருப்பையாவுக்குப் போன் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. வேறு ஒரு காரணமும் இல்லை, அலுப்பு. நான் பார்த்த தப்பான முடிவுகளில் பாதி அலுப்பில் எடுத்தவை. வெயில், பசி, பஸ்ஸுக்கு நேரம், சுற்றி நிற்பவர்களின் சிரிப்பு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் டீக்கடை அக்கா சொன்ன போட்டோ ஞாபகம் வந்தது. அன்றைக்கு வண்டி ஓடிவந்து ஏறவில்லை. ஏற்றத்தின் பாதியில் நிறுத்தி, அங்கிருந்து கிளப்பியிருக்கிறார்கள். நானும் பாதியில் நிறுத்தினேன். முதல் கியரைப் போட்டு, மெதுவாகக் கிளட்சை விட்டேன். சுமை பிடித்தது. வண்டி ஒரு முழம் நகர்ந்தது. என் தொடைக்குப் பக்கத்தில் "டொக்" என்று ஒரு சத்தம். கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. டிரைலர் என்னைப் பின்னால் இழுத்தது. ரெண்டு பிரேக்கையும் சேர்த்து மிதித்து, எழுந்து நின்று, ஏதோ கத்தினேன். சாமி பேரைச் சொன்னதாக நான் சொல்லிக்கொள்கிறேன்; கெட்ட வார்த்தை என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். வண்டி நின்றபோது டிரைலரின் பின்பக்கம் பாயின் நாற்காலிக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"படகு தேவலை" என்றார். போய்விட்டார்.

கியர்பாக்ஸுக்குள் கியரைப் பிடித்து வைக்கிற ஸ்பிரிங்கோ அதன் கொக்கியோ பலமில்லை. சமதரையில் தெரியாது. ஏற்றத்தில் சுமையோடு கிளம்பினால்தான் தெரியும். எங்கள் ஊரில் வயலிலிருந்து வாய்க்கால் கரைக்கு ஏறுகிற ஒவ்வொரு இடமும் அப்படித்தான். பின்னால் நெல் மூட்டை இருக்கும், மூட்டை மேல் ஆள் இருப்பார்கள். முன்னால் சீட்டில் கருப்பையா இருப்பான்.

டீலர் குரலை இறக்கினார். "இன்னும் கொறைச்சுத் தர்றேண்ணே. டெலிவரி எடுத்துக்கங்க. முதல் ஃப்ரீ சர்வீஸ்ல பாத்துக் குடுத்துர்றேன். இப்பப் பொட்டியைத் திறந்தா சாமான் கம்பெனியிலேர்ந்து வரணும், எப்ப வருமோ."

தெற்கே மேகம் கட்டியிருந்தது. தலைவியம்மாவுக்குப் போன் போட்டேன். "மழை வந்தா ஆளுக வீட்டு வாசல்ல வந்து நிப்பாக சார்" என்றார். "ஆனா வண்டியில நான் ஏறப் போறதில்ல, நீங்களும் ஏறப் போறதில்ல. முடிவை நீங்க எடுங்க. திட்டு வந்தா பாதியை நான் வாங்கிக்குறேன்."

மெதுவாக ஓட்டச் சொல்லலாம். கரை ஏறும்போது ஜாக்கிரதை என்று சொல்லலாம். ஒரு மாதம்தானே. இப்படியெல்லாம் என் மூளை எனக்கே சேல்ஸ்மேன் வேலை பார்த்தது. பிறகு டீலரிடம் சொன்னேன்: "இந்த வண்டியை எடுத்துக்குறேன். ஆனா பொட்டியைத் திறந்து, சரிபண்ணி, இதே ஏத்தத்துல இதே சுமையோட நான் நிறுத்திக் கெளப்பணும். அப்புறந்தான் டெலிவரி. வாரண்டி டெலிவரி அன்னைக்குத்தான் ஆரம்பிக்கணும்."

"மழை வந்துருமேண்ணே."

"வரட்டும்."

வீரமாகச் சொன்னதாக நினைக்காதீர்கள். சொல்லிவிட்டு யார்டு சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதே கருப்பையாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். வண்டி ரெடி என்று ஒரு பொய் சொல்லி அவனைப் பிடித்து வைத்திருக்கலாம். ஆடி தாண்டிவிட்டால் ஏஜென்ட் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அப்புறம் அவனுக்கு எங்களை விட்டால் வழியில்லை. அந்த யோசனையும் வந்ததென்று சொல்லிவிடுகிறேன். நல்லவேளையாக வாய் அன்றைக்குக் களைத்திருந்தது.

"எப்ப சரியாகும் சார்?"

"தெரியலப்பா."

"ஆடிக்குள்ள?"

"அதுவும் தெரியலப்பா."

"சரி சார்" என்று வைத்துவிட்டான்.

ஆடி முடிவதற்குள் மழை வந்தது, கியர்பாக்ஸ் சாமான் வரவில்லை. உறுப்பினர்கள் தனியார் வண்டிகளுக்கு அலைந்தார்கள். வண்டிக்காரர்கள் வாய்க்கு வந்த வாடகை கேட்டார்கள். சிலருக்கு ஈரம் காய்ந்த பிறகுதான் உழவு கிடைத்தது. ரெண்டு பேர் குழுவே வேண்டாமென்று விலகினார்கள். "சந்தனம் சாருக்கு வண்டி வாங்கத் தெரியாதுன்னுதான் நெனைச்சோம். வாங்காம இருக்கவும் தெரியலையே" என்று ஒரு பெரியவர் என் வாசலில் நின்று சொன்னார். தலைவியம்மா சொன்னபடி பாதித் திட்டை வாங்கிக்கொண்டார். மீதிப் பாதியே எனக்கு ஜாஸ்தி. நான் செய்தது சரிதான் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். சரியான முடிவு எடுத்தால் மனசு லேசாகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் வண்டி வாங்கியவராக இருக்க மாட்டார்.

கருப்பையாவை மட்டும் நான் கூப்பிடவில்லை. ஆடி முடிந்த பிறகு அவன் எண்ணைத் தட்டினால் வெளிநாட்டு மணி அடித்துவிடுமோ என்று பயம்.

ஆவணியில் ஒருநாள் டீலர் கூப்பிட்டார், வண்டி தயார் என்று. வண்டியை அறந்தாங்கி வரைக்கும் நானேதான் ஓட்டிவர வேண்டும் என்று முதுகில் பட்டை கட்டிக்கொண்டு, வலி மாத்திரையை ஜேபியில் போட்டுக்கொண்டு போனேன். யார்டில் நுழைந்தால், ஏற்றத்தின் பாதியில், ரொட்டவேட்டர் ஏற்றிய டிரைலரோடு வண்டி நின்றுகொண்டிருந்தது. சீட்டில் கருப்பையா. தலைவியம்மா காலையிலேயே அனுப்பிவிட்டாராம். அவன் ஏற்றத்தில் நிறுத்துவதும் கிளப்புவதுமாக, நான் வருவதற்குள் வண்டியின் உயிரை எடுத்திருந்தான். கியர் அசையவில்லை. டீக்கடை அக்கா கடையைவிட்டு வெளியே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டீலர் பழங்களோடு வந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று.

நான் டிரைலருக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்து, பந்தக்கால் நட்டிருந்த இடத்தில் நின்றுகொண்டேன். நெஞ்சு நிறைந்திருந்தது. பயல் போகவில்லை. இத்தனை திட்டு வாங்கியதற்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னால் தேவலாம் போல இருந்தது. அங்கிருந்தே சத்தமாகக் கேட்டேன்.

"ஏப்பா கருப்பையா, ஏஜென்ட்டை விட்டுட்டு நீ இருந்தது, நான் அன்னைக்கு அந்த வண்டியை எடுக்காம வந்தேன்ல, அதுக்காகத்தானே?"

அவன் கிளட்சை மிதித்தபடி, திரும்பாமல், கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தான்.

"பின்னாடி நிக்காதீங்க சார்."